ஸ்கூல் ஸ்டாப்பிங்

ஆதார் அட்டைப்படி, என்னைப் பெற்றெடுத்தபோது என் அம்மாவுக்குப் பத்து வயது. நான் பிறந்தது 1978. அம்மாவின் அட்டையில் இருக்கும் பிறந்த தேதி 01-01-1968. முகாம் போட்டு அட்டைக்குப் படம் பிடித்த அன்று, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் "வயசு எத்தனைம்மா?" என்று கேட்டிருக்கிறான். "இருக்கும் ஒரு நாப்பது, நாப்பத்திரண்டு" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவன் கழித்துப் பார்த்து, ஜனவரி ஒன்று என்று போட்டு முடித்துவிட்டான். பல வருடம் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டபோதுதான் மனு திரும்பி வந்தது. அறுபது ஆகவில்லையாம்.

"ஸ்கூல்ல படிச்சதுக்கு ஏதாச்சும் ஆதாரம் இருந்தா கொண்டாங்க" என்று இ-சேவை மையத்தில் சொன்னார்கள். அம்மா மூன்றாவது வரை படித்தவள். படித்தது எங்கள் ஊர்ப் பள்ளியில்தான். நான் படித்ததும் அங்கேதான். போன ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு, ஓசூரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

ஊர் என்று சொல்கிறேனே தவிர, எங்கள் ஊருக்கு நடு என்று ஒன்று கிடையாது. காவேரிப்பட்டணத்திலிருந்து போச்சம்பள்ளி போகிற பக்கத்தில், மாந்தோப்புகளுக்கு இடையில் சிதறிக் கிடக்கிற கொட்டாய்கள்தான் அது. மற்ற ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்குவது கொஞ்சம் சிரமம். அங்கெல்லாம் தெரு இருக்கும், கோயில் இருக்கும், வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், நிலம் ஊருக்கு வெளியே இருக்கும். எங்கள் பக்கத்தில் அவனவன் நிலத்தில், அவனவன் கிணற்றோரம் ஒரு கொட்டாய் போட்டுக் குடியிருந்தான். பங்காளிகள் பெருகப் பெருக அது நான்கு வீடானது, எட்டு வீடானது. பெயர் மட்டும் கொட்டாய்தான். மேட்டுக் கொட்டாய், கிணத்துக் கொட்டாய், புளியமரத்துக் கொட்டாய், அப்புறம் பாட்டன் பூட்டன் பெயரில் நாலைந்து. இன்று மார்பிள் போட்ட மாடி வீடு நின்றாலும் அது இன்னார் கொட்டாய்தான். வருவாய்த் துறைக் கணக்கில் இத்தனைக்கும் சேர்த்து 'அள்ளி' என்று முடிகிற ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைப் பத்திரத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும்தான் பார்த்திருக்கிறேன். வாயால் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பஸ்ஸில் ஏறினால் "ஸ்கூல் ஸ்டாப்பிங் ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்போம்.

காலனி மட்டும் விதிவிலக்கு. அங்கே நிலம் இல்லை, அதனால் கொட்டாயும் இல்லை. ஏரிக்கரைக்குக் கீழே இரண்டு வரிசையாக வீடுகள். தெரு என்று சொல்லத்தக்க ஒன்று எங்கள் ஊரில் இருந்தது அங்கேதான்.

தலைமை ஆசிரியை என்னைவிட வயதில் சின்னவர். விஷயத்தைச் சொன்னதும் பீரோவைத் திறந்து, பழைய புடவை ஒன்றில் சுற்றி வைத்திருந்த மூன்று பதிவேடுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். சேர்க்கைப் பதிவேடு. முதலாவதன் அட்டையில் 'சேலம் ஜில்லா' என்று மசியில் எழுதியிருந்தது. இரண்டாவதில் 'தருமபுரி மாவட்டம்'. மூன்றாவதில் 'கிருஷ்ணகிரி மாவட்டம்'. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தருமபுரியைப் பிரித்தார்கள். 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியைப் பிரித்தார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில்தான் இருந்தது. மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது.

"நீங்களே தேடுங்க சார், எனக்கு ரெண்டு கிளாஸ் சேர்த்து எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று. பத்து நிமிட வேலைக்காகப் போனவன் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முதல் சேர்க்கை 1957 ஜூனில். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, அம்மை குத்தியிருக்கிறதா, அங்க மச்ச அடையாளங்கள், நீங்கிய தேதி, நீங்கிய காரணம். தாயார் பெயருக்குக் கட்டம் இல்லை. முதல் பக்கத்தில் இருபது பெயர்கள், அதில் மூன்று பெண்கள். காலனியிலிருந்து இரண்டே பையன்கள். தொழில் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'விவசாயம்', 'கூலி'. இரண்டு இடத்தில் மட்டும் 'அணை வேலை'. கிருஷ்ணகிரி அணை கட்டி முடித்த சமயம் அது.

பிறந்த தேதிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். பக்கம் பக்கமாக எல்லாரும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வது, தொட்டால் ஐந்து முடிந்தது என்று எழுதுவது, இதுதான் வழக்கம். கை நீளமாக இருக்கிற பிள்ளை நாலு வயதிலேயே சேர்ந்துவிடும். கை குட்டையாக இருந்தால் ஆறு ஏழு வயது வரைக்கும் ஆடு மேய்க்கலாம். எனக்கும் ஜூன் மாதத்தில்தான் பிறந்த நாள். பிறந்ததென்னவோ புரட்டாசியில். ஆபீசில் ஜூனில் கேக் வெட்டும்போதெல்லாம் எனக்கு அந்த வாத்தியார் ஞாபகம்தான் வரும். அவர் போட்ட ஜூன் ஒன்றும், முகாமில் அந்தப் பையன் போட்ட ஜனவரி ஒன்றும் ஒரே ரகம்தான். ஆனால் வாத்தியார் பிள்ளையைக் கண்ணால் பார்த்து, காதைத் தொட வைத்து எழுதினார்.

பள்ளிக்கு முன்னால் இங்கே படிப்பே இல்லையா என்றால், கொஞ்சம் இருந்தது. நாலு மைலுக்கு அப்பால் ஒரு திண்ணைப் பள்ளி நடந்ததாகப் பெரியப்பா சொல்வார். மணலில் விரலால் எழுதி, ஆத்திசூடியையும் எண்சுவடியையும் மனப்பாடம் செய்கிற படிப்பு. வசதியான இரண்டு மூன்று கொட்டாய்களிலிருந்து பையன்கள் போய் வந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1792இல் திப்புவிடமிருந்து எங்கள் பகுதியான பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்ததும், நிலத்தை அளந்து வரி போட ரீட் என்கிற அதிகாரியோடு வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் ஏழு வருடம் இருந்தார். ஒவ்வொரு உழவனிடமும் நேரடியாகக் கணக்கு வைக்கிற ரயத்துவாரி முறை உருவானது எங்கள் நிலங்களை அளந்துதான். அதே மன்றோ பிறகு சென்னை மாகாண கவர்னராகி, 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி எல்லாக் கலெக்டர்களுக்கும் எழுதினார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. எங்கள் கொட்டாய்களின் கிணறும் மரமும் அவர்கள் வரிக்கணக்கில் ஏறியிருக்கும். பள்ளிக் கணக்கில் ஏற எங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது. அடுத்த நூற்றிமுப்பது வருடமும் ஏறக்குறைய அப்படியேதான் போயிருக்கிறது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் படிப்புத் திட்டத்தைப் பற்றிப் பெரியப்பாவிடம் ஒரு கதை இருந்தது. ராஜாஜி எங்கள் மாவட்டத்துக்காரர்தான், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். கிராமத்துப் பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் குடும்பத் தொழிலிலும் இருக்கட்டும் என்றார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வந்து, நாடே எதிர்த்தது. பெரியப்பா அப்போது பக்கத்து ஊர் போர்டு ஸ்கூலில் மூன்றாவது. "மாடு மேய்க்கச் சொல்லி சர்க்காரே உத்தரவு போட்டுட்டாங்கன்னு எங்கப்பனுக்குச் சந்தோசம் தாங்கல. மத்தியானத்துக்கு மேல அனுப்பறதில்லைன்னு இருந்தவங்க, அப்புறம் காலையிலயும் அனுப்பல" என்பார். 1954இல் காமராஜர் முதலமைச்சராகி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். பெரியப்பா மறுபடி பள்ளிக்குப் போகவில்லை. திட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லவே இல்லையாம்.

ஊருக்கு ஊர் பள்ளி என்று காமராஜர் காலத்தில் திறந்தார்களே, அந்த அலையில் வந்ததுதான் எங்கள் ஓராசிரியர் பள்ளி. எங்கே வைப்பது என்பதில் மேட்டுக் கொட்டாய்க்கும் புளியமரத்துக் கொட்டாய்க்கும் சண்டை. இவன் நிலத்தில் வைத்தால் அவன் பிள்ளையை அனுப்ப மாட்டான். சரி, இலவசமாக நிலம் கொடு என்றால் இரண்டு பேரும் கொடுக்க மாட்டார்கள். கடைசியில் எவனுக்கும் ஆகாத இடமாக, வெள்ளாமைக்கு உதவாத பாறைப் புறம்போக்கு ஒன்றைக் காட்டிவிட்டார்கள். கொட்டாய்களுக்கும் காலனிக்கும் சரிபாதி தூரத்தில் அது அமைந்துபோனது. யோசித்துச் செய்திருந்தால் கண்டிப்பாக அந்த இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

முதல் வாத்தியார் வட ஆற்காடு பக்கத்திலிருந்து வந்தவர். பள்ளிக்கூடத்துக் கூரைக்குள்ளேயே ஒரு மூலையில் குடியிருந்தார். கேழ்வரகும் கொள்ளும் கொட்டாய்களிலிருந்து முறை வைத்துப் போகும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு நடந்து போய் மற்ற சாமான்களை வாங்கி வருவார். காலையில் கொட்டாய் கொட்டாயாகப் போய்ப் பையன்களைப் பிடித்து வருவதிலேயே பாதிப் பொழுது போய்விடுமாம். அவரைப் பார்த்ததும் மாமரத்தில் ஏறிக்கொள்வார்கள். அவர் கீழே துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வார். பசித்தால் இறங்கித்தானே ஆக வேண்டும்?

பள்ளிக்கு மணி கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டைப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், நான் படிக்கும்போதும் அதுதான். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடி, பிறகு நின்றுபோனது. அந்தத் தண்டவாளம்தான் இது என்று பெரியப்பா அடித்துச் சொல்வார். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனால் கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் திரும்பி வரவில்லை என்பதால், எங்களுக்கு மிச்சமான ரயில் அந்தத் துண்டுதான் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

அந்த மணிச் சத்தம்தான் சிதறிக் கிடந்த கொட்டாய்களுக்கெல்லாம் பொதுவாகக் கேட்டது. பெண்கள் உலை வைத்ததும், கமலை ஓட்டுகிறவர்கள் மாட்டை அவிழ்த்ததும் அந்தச் சத்தத்துக்குத்தான். ஓட்டுச்சாவடி பள்ளியில் வைத்தார்கள். அம்மை குத்துகிறவர் அங்கே வந்தார். மாரியம்மன் பண்டிகைக்கு வசூல் பேசினதும், பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்து நடந்ததும் அந்தப் புளியமரத்தடியில். பிற்பாடு ரோடு வந்தபோது பஸ்ஸும் அங்கேதான் நின்றது. ஊர் சேர்ந்து பள்ளியை உண்டாக்கியது என்று ஆண்டு விழாவில் பேசுவார்கள். எங்கள் விஷயத்தில் அது தலைகீழ். ஆளுக்கொரு திக்கில் இருந்த கொட்டாய்களை ஊர் என்று ஆக்கியதே அந்தப் பள்ளிக்கூடம்தான்.

ஆனால் ஊராக ஆவது அப்படி ஒன்றும் இனிமையான காரியமாக இருக்கவில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நான் ஒன்றாவது சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம். காமராஜர் காலத்து மதிய உணவில் பால் பவுடரும் மக்காச்சோள உப்புமாவும் சாப்பிட்டதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கு அரிசிச் சோறு. வீட்டில் மூன்று வேளையும் களி தின்கிற பிள்ளைகளுக்குத் தினமும் அரிசிச் சோறு! ஆனால் சமைத்தவர் காலனியைச் சேர்ந்த ஒரு அக்கா. கொட்டாய்ப் பிள்ளைகள் பலர் சாப்பிடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. எங்கள் கொட்டாயும் அதில் சேர்த்தி, ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. தூக்குப்போசியில் களி கட்டிக்கொண்டு போய், சாம்பார் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து விழுங்குவோம்.

எத்தனை நாளைக்கு? நான் ஒரு மாதம் தாங்கியிருப்பேன். அப்புறம் களியை வேலியோரம் நாய்க்குப் போட்டுவிட்டுத் தட்டோடு வரிசையில் நின்றேன். சாயங்காலம் வீட்டில் ஆயா, என் பாட்டி, என் கையைப் பிடித்து மோந்து பார்ப்பாள். அதற்காகப் புளிய இலையைக் கசக்கிக் கையில் தேய்த்துக்கொண்டு போவேன். ஆயாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? புளிய இலை வாசனையே காட்டிக் கொடுத்திருக்கும். அந்த வருடம் மழை பொய்த்து, குதிரில் கேழ்வரகு அடியைத் தொட்டது. ஒரு நாள் கையை மோந்து பார்க்காமலே கேட்டாள், "இன்னைக்கு என்னாடா சாம்பாரு?"

எல்லா வீட்டிலும் இப்படி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு கொட்டாய்ப் பிள்ளைகள் ஐந்தாவது முடிக்கிற வரைக்கும் தூக்குப்போசியோடுதான் வந்தார்கள்.

1988இல் எங்கள் ஐந்தாம் வகுப்புப் படம் ஒன்று எடுத்தார்கள். படக்காரர் எவ்வளவோ "சிரிங்கடா" என்று கெஞ்சியும் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லார் பல்லிலும் காவிக் கோடு. பல் விளக்காத ஊர் என்று வெளியூர் வாத்தியார்கள் திட்டுவார்கள். தப்பு தண்ணீரில் இருந்தது. எங்கள் இரண்டு மாவட்டத்துப் பாறைத் தண்ணீரிலும் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிணறு வற்றி போர் போடப் போட, அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தண்ணீர் விட்டார்கள். இப்போது பள்ளியில் காவிரித் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அன்றைக்கு அந்த அறையில் சத்தம் போட்ட பிள்ளைகளின் பற்களைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

பதிவேட்டில் எனக்குப் பிடித்த கட்டம், நீங்கிய காரணம். பையன்களுக்கு 'நீண்ட நாள் வராமை'. எழுபதுகளுக்கு மேல் 'பெங்களூர் சென்றது' என்று வரத் தொடங்குகிறது. கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். பண்டிகைக்கு வந்தவர்கள் மழை பெய்தால் தங்குவார்கள், பிள்ளையை மறுபடி சேர்ப்பார்கள். ஒரே பையனுக்கு மூன்று சேர்க்கை எண் இருக்கிறது. பெண்களுக்கு 'வீட்டு வேலை', 'தம்பியைப் பார்க்க', ஒரு இடத்தில் 'ஆடு'. வெறும் ஆடு. 1989இல் எட்டாவது படித்த பெண்ணுக்குத் திருமண உதவி ஐயாயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதற்கப்புறம் சேர்ந்த பெண்களின் பெயருக்கு எதிரே 'ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி' என்று வரிசையாக விழுகிறது. படிப்பின் பெருமையைச் சொல்லிச் செய்ய முடியாததை ஐயாயிரம் ரூபாய் செய்தது. இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது?

இரண்டாவது ஆசிரியர், தொண்ணூறுகளில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில் வந்த கான்கிரீட் அறை, செயல்வழிக் கற்றல் அட்டைகள், காலை உணவு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. வசதி ஏற ஏறப் பிள்ளைகள் குறைந்தார்கள். இப்போது பதினான்கு பேர். காலை ஏழு மணிக்கே மஞ்சள் வேன்கள் கொட்டாய் கொட்டாயாகப் போய்ப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொள்கின்றன. முதல் வாத்தியார் செய்த அதே வேலைதான், டீசல் போட்டு. அம்மா அப்பா இருவரும் கம்பெனி பஸ் ஏறுகிற வீட்டில், சாயங்காலம் ஆறு வரைக்கும் வைத்திருக்கிற பள்ளி தேவைப்படுகிறது. ஆங்கில மோகம் என்று மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. என் மகளும் ஓசூரில் வேன் ஏறித்தான் போகிறாள்.

இரண்டாம் பதிவேட்டில் என் பெயரைப் பார்த்தேன். முதல் பதிவேட்டில், 1961 ஜூன் பக்கத்தில் அம்மா இருந்தாள். பிறந்த தேதி 01-06-1956. அம்மை குத்தியது: ஆம். நீங்கிய காரணம்: வீட்டு வேலை. அங்க மச்ச அடையாளம்: இடது முன்கையில் ஒரு மச்சம். தலைமை ஆசிரியை மாலையில் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கொட்டாய்க்குப் போய் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பிறந்த தேதியைக் கேட்டதும் "ஆடி மாசம்னுல்ல எங்கம்மா சொல்லும்" என்றாள். மச்சத்தை வாசித்ததும் வளையலை மேலே தள்ளிவிட்டு, கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரையணா அளவுக்குக் கறுப்பாக ஒன்று இருந்தது.

"இது மச்சமில்ல சாமி. களி கிண்டும்போது தெறிச்சுச் சுட்டது. வாத்தியாரு இன்னான்னு கேட்டாரு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எத்தனை வயதில் என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல சேர்றதுக்கு முந்திதான்" என்றாள்.